சவரக் கத்தியைக் கையில் எடுக்கலாமா?
புதிதாகத் தொடங்குவோருக்குச் சில யோசனைகள்

மைசூரில் பிழைப்புக்காக வந்து தங்கியிருக்கும் நம் தமிழ் வாலிபர்களில் பலர், ஒரே அறையில் மூன்று நான்கு பேராகக் காலம் தள்ளுகிறவர்கள். அறை வாடகை, மெஸ் சாப்பாடு, ஊருக்கு அனுப்பும் பணம் ஆகியவை போக மிஞ்சுவதில்தான் சலூன் செலவும் அடங்க வேண்டும். ஹெப்பாள், மேட்டகள்ளி தொழிற்பேட்டைகளில் ஷிப்டு வேலை பார்ப்பவரானாலும், அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருப்பவரானாலும், வாரத்தில் மூன்று நாளாவது முகச்சவரம் செய்துகொள்ளாமல் முடியாது. ஞாயிற்றுக்கிழமை சலூனில் கூட்டம், செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஆகவே வீட்டிலேயே சவரம் செய்துகொள்கிறவர்களே அதிகம்.

அவர்களில் சிலருக்கு அண்மைக் காலமாக ஒரு புது ஆசை பிறந்திருக்கிறது. தாத்தா காலத்து மடக்குக் கத்தியைக் கொண்டு தாமே சவரம் செய்துகொள்ள வேண்டும் என்பதே அது. ‘ஒரு தடவை வாங்கினால் ஆயுள் முழுவதும் உழைக்கும், பிளேடு செலவே கிடையாது, சவரமும் மழமழவென்று இருக்கும்’ என்று காரணம் சொல்கிறார்கள். இது உண்மையா? சாதாரண மனிதர் இதைக் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும் என்பதே பதில். ஆனால் ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கத்தியால் முகத்தை வழிக்கக் கற்பது பாதி வேலைதான். கத்தியின் கூரைக் காப்பாற்றக் கற்பது மற்றப் பாதி. முதல் பாதியை மட்டும் கற்று இரண்டாவதை விட்டவர்கள்தான் கன்னத்தைக் கீறிக்கொண்டு, கத்தியைப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள்.

இந்த மண்ணின் உருக்கு

சவரக் கத்தி என்றதும் இங்கிலாந்தின் ஷெபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் ஆகிய ஊர்களின் பெயர்கள்தாம் நினைவுக்கு வரும். ஆனால் நாம் குடியிருக்கும் இந்த மைசூர்ச் சீமைக்கும் சவரக் கத்திக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு.

திப்பு சுல்தான் 1799-ல் வீழ்ந்த பிறகு, கம்பெனியார் ஆணைப்படி பிரான்சிஸ் புக்கானன் என்ற டாக்டர் 1800-ல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர் நாடு முழுவதும் சுற்றிப் பார்த்து எழுதினார். இரும்பை உருக்கி எஃகு செய்யும் உலைகள் இந்தப் பகுதியில் இயங்கியதை அவர் விவரமாகக் குறித்துள்ளார். பெங்களூர் மைசூர் ரயிலில் போகும்போது நாம் தாண்டிச் செல்லும் சென்னப்பட்டணத்தில், வாத்தியங்களுக்கான எஃகுக் கம்பிகள் செய்யப்பட்டு இந்தியாவின் தொலைதூரப் பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டன என்றும் எழுதியிருக்கிறார். நம் சேலம் பக்கத்திலும் இதே தொழில் நடந்தது. இரும்புத் துண்டுடன் காய்ந்த ஆவாரங்கட்டையும் பச்சிலையும் சேர்த்து மண் மூசையில் அடைத்து, ஊதி உருக்குவது அந்தக் கைமுறை.

எஃகைக் கன்னடத்தில் ‘உக்கு’ என்பார்கள். நாம் ‘உருக்கு’ என்கிறோம். வெள்ளைக்காரர்கள் தென்னிந்திய எஃகை ‘வூட்ஸ்’ என்று அழைத்தார்கள். ‘உக்கு’ என்ற சொல்லே அப்படித் திரிந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. லண்டனில் ஸ்டிராண்டு வீதியில் கடை வைத்திருந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வியாபாரி, தம்முடைய அறுவைக் கருவிகளும் சவரக் கத்திகளும் இந்தியாவின் வூட்ஸ் எஃகில் செய்தவை, ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட அதுவே மேல் என்று விளம்பரம் செய்தார். பின்னர் மின்சார ஆராய்ச்சியால் புகழ்பெற்ற மைக்கேல் பாரடே, இதே ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து வூட்ஸ் எஃகின் இரகசியத்தை ஆராய்ந்தார். எஃகுக் கலவைகள் பற்றி இருவரும் 1820-லும் 1822-லும் கட்டுரைகள் வெளியிட்டனர். அந்தச் சோதனைகளில் பிறந்த எஃகில் செய்த சவரக் கத்திகளைப் பாரடே தம் நண்பர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்.

மெல்லிய கூரை நெடுநாள் தாங்குவதற்கு எஃகின் தரம் எவ்வளவு முக்கியம் என்பதற்காகவே இதைச் சொல்ல நேர்ந்தது. கத்தி வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

பிளேடு வந்த கதை

மடக்குக் கத்தியை வீடுகளிலிருந்து விரட்டியவர் கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர். தேய்ந்தால் எறிந்துவிடக்கூடிய மெல்லிய பிளேடை அவர் 1903-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த முதல் ஆண்டில் விற்றவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள் மட்டுமே. அடுத்த ஆண்டில் ரேசர் விற்பனை 90,000-ஐத் தாண்டியது. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்கு ரேசர் செட்டுகளை வழங்கியது. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் மறுபடியும் மடக்குக் கத்தியைத் தொடவில்லை. நம் நாட்டிலும் பாரத், அசோக், டோபாஸ் என்று உள்நாட்டு பிளேடுகள் வந்து, வீட்டுச் சவரம் சுலபமாகிவிட்டது.

சலூன்களில் மட்டும் பழைய கத்தி நிலைத்து நின்றது. அங்கும் நிலைமையை மாற்றியது நோய் பற்றிய பயம். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரின் பரிசோதனையில், எச்.ஐ.வி. தொற்று இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஒருவர் முகத்தில் பட்ட கத்தி இன்னொருவர் முகத்தில் படக் கூடாது என்ற எண்ணம் அதன் பிறகு மக்களிடம் பரவியது. பிளேடை இரண்டாக ஒடித்துச் செருகும் கத்தி சலூனுக்கு வந்தது. ‘புது பிளேடு போடுங்கள்’ என்று கேட்பது வாடிக்கையாளரின் வழக்கமாயிற்று. இன்று சலூன்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த அரை பிளேடுக் கத்தியையே. தோல் வாரில் கத்தியைத் தீட்டும் ஓசை அநேகமாக மறைந்துவிட்டது.

எந்தக் கத்தி?

ஆகவே, தொடங்குகிறவர் முன்னால் இரண்டு வழிகள் உள்ளன.

ஒன்று, அரை பிளேடுக் கத்தி. விலை குறைவு. தீட்ட வேண்டியதில்லை, பிளேடு மழுங்கினால் மாற்றிக்கொள்ளலாம். கத்தியைப் பிடிக்கவும் கோணத்தைப் பழகவும் ஏற்றது. குறை என்னவென்றால், பிளேடின் கூர் மிகக் கடுமையானது, கத்தியும் இலேசானது. கை சற்றுத் தவறினாலும் உடனே கீறிவிடும். பழைய கத்தியைவிட இது சாது என்று நினைப்பது தவறு.

மற்றொன்று, முழு எஃகில் செய்த அசல் மடக்குக் கத்தி. நல்ல கனம் உண்டு. சரியாகத் தீட்டியிருந்தால் தோலில் மென்மையாக ஓடும். ஆனால் தினமும் வாரில் தீட்ட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை நுண்ணிய கல்லில் கூர் ஏற்ற வேண்டும். துருப்பிடிக்காமல் காக்க வேண்டும்.

அறையில் இடவசதி இல்லாதவர்களும், ஷிப்டு மாறி மாறி வேலை செய்கிறவர்களும் அரை பிளேடுக் கத்தியில் தொடங்குவதே நல்லது. ஆறு மாதம் பழகிய பிறகும் ஆசை தணியாவிட்டால் அசல் கத்தி வாங்கலாம்.

வாங்கும்போது கவனிக்க

அசல் கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் இத்தனை பங்கு என்று கணக்கிடுவார்கள். தொடங்குகிறவருக்கு எட்டில் ஐந்து அல்லது எட்டில் ஆறு அகலம் போதும். அதற்கு மேல் அகலமானால் மூக்கின் கீழ் திருப்பக் கடினம். கத்தியின் முனை வட்டமாக இருப்பது நல்லது. சதுர முனைக் கத்தி பார்வைக்கு எடுப்பாக இருந்தாலும், அதன் மூலை காதோரத்திலும் உதட்டோரத்திலும் குத்திவிடும்.

புதுக் கத்தி என்பதால் அது சவரத்துக்குத் தயாராக இருக்கும் என்று எண்ணாதீர்கள். தொழிற்சாலைக் கூர் பல சமயங்களில் சவரத்துக்குப் போதாது. கல்லில் கூர் ஏற்றித் தரும் வியாபாரியிடமே வாங்க வேண்டும். நடைபாதையில் விற்கும் பழைய கத்திகளை வாங்க வேண்டாம். யார் முகத்தில் பட்டது என்பதும் தெரியாது. கூர் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பல் விழுந்திருப்பதும் தெரியாது.

தெருவில் சாணைச் சக்கரம் கொண்டு வருகிறவர் அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் கூர் ஏற்றித் தருவார். அவரிடம் சவரக் கத்தியைக் கொடுத்துவிடாதீர்கள். வேகமாகச் சுற்றும் சக்கரத்தின் சூட்டில் மெல்லிய ஓரத்தின் பதம் போய்விடும். பதம் போன கத்தியில் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

வாரும் கல்லும்

அசல் கத்திக்கு உயிர் கொடுப்பது தோல் வார். மடிப்பும் தையலும் இல்லாத, வழவழப்பான, கத்தியின் நீளத்துக்கு ஏற்ற அகலமுள்ள வாராக அது இருக்க வேண்டும். இடுப்பு பெல்ட் அதற்கு உதவாது. வாரின் ஒரு முனையைச் சுவரில் கொக்கியில் மாட்டி, மறுமுனையைக் கையால் தொய்வில்லாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். வார் தொய்ந்தால் கூர் உருண்டுவிடும்.

கத்தியைத் தட்டையாக, முதுகும் கூரும் வாரில் ஒருசேரப் படும்படி வைத்து, முதுகு முன்னே செல்ல, கூர் பின்னே வரும்படி இழுக்க வேண்டும். முனைக்குப் போனதும் கத்தியைத் தூக்காமல் முதுகின்மேல் உருட்டித் திருப்பி, வந்த வழியே இழுக்க வேண்டும். கூரின்மேல் உருட்டினால் வாரும் அறுபடும், கத்தியும் கெடும். ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் முப்பது நாற்பது தடவை போய் வந்தால் போதும். வேகம் தேவையில்லை; அழுத்தமும் தேவையில்லை. முதல் ஒரு வாரம், மழுங்கிய சாப்பாட்டு மேஜைக் கத்தியை வைத்துத் திருப்பிப் பழகுங்கள். வாரில் வெட்டு விழாமல் தப்பும்.

சலூன்களில் பழைய தொழிலாளர்கள் உள்ளங்கையிலேயே கத்தியைத் தீட்டிக்கொள்வதை ஊரில் பார்த்திருப்பீர்கள். அது பல்லாண்டுப் பழக்கம். நாம் அதைப் பின்பற்ற வேண்டாம்.

கல்லில் கூர் ஏற்றுவது வேறு. வாரில் முதுகு முன்னே செல்லும்; கல்லில் கூர் முன்னே செல்லும். வார் கூரை நேராக்குகிறது. கல் எஃகைத் தேய்த்துப் புதுக் கூர் உண்டாக்குகிறது. சொரசொரப்பான கல்லில் தொடங்கி நுண்ணிய கல்லில் முடிக்க வேண்டும். முதல் ஆண்டில் இந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

கூர் பார்க்கக் கட்டைவிரலைக் கத்திமேல் ஓட்டும் பழக்கம் அபாயமானது. முழங்கை மயிர் ஒன்றைக் கத்தி இலேசாகத் தொட்டதும் அது அறுந்தால் கூர் இருக்கிறது என்று பொருள்.

முதலில் மயிரை ஊறவையுங்கள்

உலர்ந்த தாடி மயிர் கெட்டியானது. தண்ணீரை உறிஞ்சினால் மெதுவாகி, சுலபமாக அறுபடும். அதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது முகம் ஈரமாக இருக்க வேண்டும். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2,500 அடி உயரத்தில் உள்ள மைசூரில், மார்கழி தை மாதக் காலையில் குழாய்த் தண்ணீர் சில்லென்று இருக்கும். அந்தத் தண்ணீரில் தோலும் சுருங்கி விறைத்து நிற்கும். ஒரு சொம்பு வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள். குளித்தவுடன் சவரம் செய்வது இன்னும் மேல்.

நுரைக்குச் சாதாரணக் குளியல் சோப்பு சரிப்படாது. அதன் நுரை சீக்கிரம் காய்ந்துவிடும். சவர சோப்போ கிரீமோ பிரஷ்ஷில் எடுத்து, முகத்தில் வட்டமாகத் தேய்த்து, தயிர் போன்ற கெட்டி நுரை வரச் செய்ய வேண்டும். வழிக்கும்போது நுரை காய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ள வேண்டும். நுரையில்லாத இடத்தில் கத்தியை வைக்கக் கூடாது.

முதல் மாதம்

முதல் நாளே முழு முகத்தையும் வழித்துவிட வேண்டும் என்று எண்ணுகிறவர்கள்தாம் தோற்றுப் போகிறார்கள். ஒரு மாதத் திட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முகத்தில் வைப்பதற்கு முன், ஊதிய பலூனில் சோப்பு நுரை பூசி அதைக் கத்தியால் வழித்துப் பாருங்கள். தொழில் கற்பவர்களுக்கு உள்ள பயிற்சிதான் இது. பலூன் வெடித்தால் கை அழுத்துகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

பிடிக்கும் முறை: கத்திக்கும் பிடிக்கும் இடையேயுள்ள கழுத்துப் பகுதியில், மேலே மூன்று விரல், அடியில் கட்டைவிரல், வால் பகுதியில் சுண்டுவிரல். பிடி இறுக்கமாக இருக்கக் கூடாது; கத்தி ஆடவும் கூடாது.

கோணம்: தோலுக்கும் கத்திக்கும் இடையே சுமார் 30 டிகிரி. கத்தியை முதலில் கன்னத்தில் படுக்க வையுங்கள். பிறகு முதுகை மெல்லத் தூக்குங்கள். முதுகுக்கும் தோலுக்கும் நடுவே முதுகின் கனத்தைப் போல் ஒன்றரை மடங்கு இடைவெளி வந்ததும் நிறுத்துங்கள். இதற்குக் குறைந்தால் மயிரை இழுக்கும். மிகுந்தால் தோலைச் சுரண்டும்.

முதல் வாரம் கன்னம் மட்டும். வலதுகைக்காரர் வலது கன்னத்தில், காதோரத்திலிருந்து கீழ்நோக்கி, மயிர் வளரும் திசையிலேயே, ஓர் அங்குல நீளம் இழுக்க வேண்டும். மற்றக் கையால் தோலை மேல்நோக்கி இறுக்கிப் பிடிக்க வேண்டும். இறுகாத தோலில் கத்தி ஓடாது. அலையலையாக மடிந்து வெட்டும். மீதி முகத்தை வழக்கமான ரேசரால் முடித்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது வாரம் இடது கன்னம். இடக்கையால் செய்யப் பழகினால் பிற்காலத்தில் சௌகரியம். முடியாதவர்கள் வலக்கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுவரலாம். ஆனால் கை கண்ணாடியை மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வாரம் கழுத்து. அங்கே மயிர் ஒரே திசையில் வளர்வதில்லை. விரலால் தடவிப் பார்த்து, எந்தப் பக்கம் வழவழப்பாக இருக்கிறதோ அந்தப் பக்கமாகவே இழுக்க வேண்டும். தொண்டை முடிச்சின்மேல் நேராக வழிக்காமல், தோலை ஒரு பக்கமாக நகர்த்தி இழுத்துக்கொண்டு வழிக்க வேண்டும்.

நான்காவது வாரம் மோவாயும் மேலுதடும். இவைதான் கடினமான இடங்கள். மயிர் அடர்த்தி, வளைவும் அதிகம். கால் அங்குலம் கால் அங்குலமாகவே போக வேண்டும்.

இந்த ஒரு மாதமும் ஒரே தடவை வழித்தால் போதும். மயிர் வளரும் திசைக்கு எதிராக வழிப்பது கை நன்றாகப் பழகிய பிறகுதான்.

மாறாத விதிகள் சில உண்டு. கத்தி கூரின் நேர் எதிர்த்திசையிலோ கூரை நோக்கியோ நகரலாம். பக்கவாட்டில் ஒருபோதும் நகரக் கூடாது. பக்கவாட்டில் நகர்ந்தால் காய் நறுக்குவதுபோல் தோலை நறுக்கிவிடும். கத்தி கைநழுவி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், காலை நகர்த்திக்கொள்ளுங்கள். வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் கத்தியைத் தொடாதீர்கள். தொலைபேசி அடித்தால் அடிக்கட்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இந்தக் காரியத்தில் இரத்தத்தோடு நிரூபணமாகும்.

சவரம் முடிந்தபின்

கத்தியைக் கழுவும்போது குழாயில் கூர் படாமல் பாருங்கள். ஒரு தட்டுத் தட்டினாலே ஓரம் உடைந்துவிடும். பிறகு மெல்லிய துணியால் முதுகிலிருந்து கூரை நோக்கித் துடைத்து, மடிப்பின் மூலையிலும் ஈரம் இல்லாமல் உலர்த்த வேண்டும். மழைக்காலத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு பூசி வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும். குளியலறையில் கத்தியை வைக்காதீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டிவைப்பது கட்டாயம்.

முகத்தைக் குளிர்ந்த நீரில் கழுவி, ஈரப் படிகாரக் கட்டியை இலேசாகத் தடவலாம். படிகாரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். அந்தக் கடையை இங்கே ‘கிரந்திகே அங்கடி’ என்பார்கள். தேவராஜ மார்க்கெட் பக்கம் போகிறவர்கள் அப்படிக் கேட்டால் வழி காட்டுவார்கள். சிறு கீறலில் இரத்தம் நிற்கப் படிகாரம் உதவும். ஆழமான வெட்டானால் சுத்தமான துணியால் விடாமல் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து, நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வெட்டுப்பட்ட இடம் தழும்பாகத் தடித்துப் போகும் உடம்புவாகு உள்ளவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்தக் கத்தி வேண்டாம். முகத்தில் பரு இருக்கும் நாட்களில் யாருக்குமே வேண்டாம்.

அறைத் தோழர்களுக்கு

இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இது ஒன்று மறக்கக் கூடாது. கத்தியையோ ரேசரையோ பிளேடையோ இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளாதீர்கள். ஒரே அறையில் தங்குகிறவர்கள் சோறு பகிரலாம், சட்டை பகிரலாம். சவரச் சாமான் பகிரக் கூடாது. ‘நம்ம ஊர்ப் பையன்தானே’ என்பது மருத்துவக் காரணம் ஆகாது.

எச்.ஐ.வி.யைப் பற்றி மக்களுக்குப் பயம் அதிகம். ஆனால் சவரத்தால் பரவும் அபாயம் அதைவிட மஞ்சள்காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றுக்கே அதிகம். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாட்களாவது உயிரோடு இருக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியே போதும். இந்தக் கிருமி உடம்பில் உள்ள பலருக்குப் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் தெரிவதில்லை. மெல்ல மெல்ல ஈரல் கெடும். பி வகைக்குத் தடுப்பூசி உண்டு; சி வகைக்கு இல்லை. சலூனில் உங்கள் கண் முன்னால் புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பது அவமரியாதை அல்ல. நல்ல தொழிலாளர் கேட்காமலே மாற்றுவார்.

பழைய பிளேடைக் குப்பையில் அப்படியே எறிவதும் தவறு. காலையில் குப்பை எடுக்க வரும் பௌரகார்மிகரின் கையை அது கிழிக்கும். மூடியுள்ள ஒரு தகர டப்பாவில் துளையிட்டு, அதில் போட்டுவாருங்கள். நிறைந்ததும் மூடியை ஒட்டி, ‘பிளேடு’ என்று கன்னடத்தில் எழுதித் தனியாகக் கொடுங்கள்.

கணக்குப் பார்த்தால்

பணம் மிச்சமாகுமா? வாரம் மூன்று சவரம் என்றால் மாதம் பதின்மூன்று. அரை பிளேடு ஒன்று இரண்டு சவரம் தாங்கினால், மாதத்துக்கு ஏழு அரை பிளேடு, அதாவது நான்கு முழு பிளேடுக்குள் அடங்கிவிடும். சலூன் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பமே. அசல் கத்தியில் இந்தச் செலவும் இல்லை. ஆனால் கத்தி, வார், கல் ஆகியவற்றுக்கு முதலில் போடும் பணம் பெரிது. அது திரும்பிவர ஆண்டுகள் ஆகலாம். நடுவில் ஆசை விட்டுப்போனால் முழுவதும் நஷ்டம். ஆகவே சிக்கனத்துக்காக மட்டும் அசல் கத்தி வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். சாதாரண ரேசரே அவர்களுக்குப் போதும். கைவேலையில் ருசி உள்ளவர்களுக்கே அசல் கத்தி.

ஊருக்கு ரயிலில் போகிறவர்கள் கத்தியை உறையிட்டுப் பெட்டியின் அடியில் வைத்துக்கொள்ளலாம். விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் வைத்தால் பறிமுதல்தான்.

கத்தியும் மனிதரும்

தன் கையால் தன் முடியைத் திருத்திக்கொள்வது சிலருக்கு விருப்பத்தால் நேர்வது. சிலருக்கு வேறு வழியில்லாமல் நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரில் வெள்ளைக்கார முடிதிருத்துநர் ஒருவர் காந்திஜிக்கு முடி வெட்ட மறுத்துவிட்டார். காந்திஜி உடனே முடிவெட்டும் கருவி ஒன்றை வாங்கி, கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஒருமாதிரி அமைந்தது, பின்பக்கம் கெட்டுப்போனது. நீதிமன்றத்தில் நண்பர்கள் சிரித்தார்கள். அவர் வெள்ளைக்காரரைக் குறை கூறவில்லை. நம் நாட்டில் நம் முடிதிருத்துநர்கள் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட சகோதரர்களுக்கு வேலை செய்ய நாம் விடுகிறோமா என்றே தம் சுயசரிதையில் எண்ணிப் பார்க்கிறார். சதாராவில் சிறுவனாக இருந்த அம்பேத்கருக்கு முடி வெட்ட அந்த ஊரில் எவரும் முன்வரவில்லை. அவருடைய அக்காள்தான் வெட்டிவிட்டார்.

இவை பழங்கதைகள் என்று தள்ளிவிட முடியாது. மைசூர் மாவட்டத்திலேயே, நஞ்சன்கூடு தாலுகா ஹல்லரே கிராமத்தில், தாழ்த்தப்பட்ட மக்களுக்கு முடி வெட்டியதற்காக ஒரு தொழிலாளியை ஊரார் ஒதுக்கிவைத்து 50,000 ரூபாய் அபராதம் கேட்டார்கள் என்று 2020 நவம்பரில் பத்திரிகைகளில் செய்தி வந்தது. முடி காணிக்கை செலுத்த நாம் போகும் அதே நஞ்சன்கூடு தாலுகாதான். கத்தியைப் பிடித்தவருக்கும் கொடுமை. கத்திக்கு முன் உட்கார வந்தவருக்கும் கொடுமை.

தமிழகத்தில் இந்தத் தொழில் செய்வோரை ‘மருத்துவர்’ என்று அழைக்கும் வழக்கம் உண்டு. கட்டி கீறுவதும் புண்ணுக்கு மருந்து வைப்பதும் ஒரு காலத்தில் அவர்கள் பொறுப்பாக இருந்தன. கர்நாடகத்தில் 12-ஆம் நூற்றாண்டில் பசவண்ணருடன் இருந்த சரணர் ஹடபத அப்பண்ணரை இந்தச் சமூகத்தார் தம் முன்னோராகப் போற்றுகிறார்கள். மாநில அரசும் அவர் ஜயந்தியைக் கொண்டாடுகிறது. பிறர் முகத்தில் கத்தி வைத்துக் காயமில்லாமல் எடுக்கும் திறமை எவ்வளவு பெரியது என்பது, நாமே ஒரு மாதம் பழகிப் பார்த்தால்தான் புரியும்.

ஆகவே, கத்தி வாங்க எண்ணுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் தெருவில் வயதான முடிதிருத்தும் தொழிலாளர் யாராவது இருந்தால், கூட்டமில்லாத பிற்பகலில் போய்ச் சவரத்துக்கு உட்காருங்கள். அவர் கோணம் வைக்கும் விதத்தையும், தோலை இழுக்கும் விரல்களையும் கண்ணாடியில் கவனியுங்கள். பிறகு, ‘ஐயா, எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். கன்னடத்தில் கேட்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. சவரக் கட்டணத்தோடு கற்றுக்கொடுத்ததற்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். எழுத்தில் படித்து ஒரு மாதத்தில் பிடிபடாத கோணம், அவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து ஒரு தடவை திருப்பிக் காட்டினால் பிடிபட்டுவிடும். மற்றபடி, பதறாத காரியம் சிதறாது.